விட்டுப்போன உறவுகளைத் தேடி: வம்சாவளியை எழுதி வைப்போம்

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் தாத்தாவின் பெயரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். பாட்டி பிறந்த ஊர் எது, பாட்டியின் அம்மா பெயர் என்ன என்று கேட்டால் பெரியவர்களான நாமே தடுமாறுகிறோம். சொந்த ஊரில் இருந்திருந்தால் இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் திருவிழாவிலும் "இவன் இன்னார் பேரன்" என்று நாலு பேர் சொல்லக் கேட்டே குழந்தை வளரும். பிழைப்புக்காக மும்பை, தில்லி, நாக்பூர், பிலாய், ஜாம்ஷெட்பூர், கரக்பூர் என்று வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே நாம்தான் எழுதி வைக்க வேண்டும். எப்படி எழுதுவது, எங்கே தேடுவது, யாரை விட்டுவிடக் கூடாது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

இனிஷியலில் அறுபடும் நூல்

தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரே முதலெழுத்து. எனவே மகனுக்கு ஓர் இனிஷியல், பேரனுக்கு வேறோர் இனிஷியல். ஊருக்குள் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் வெளி மாநிலத்தில் பள்ளி விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டிலும் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அண்ணன் அப்பா பெயரைப் போட்டார். தம்பி ஊர்ப் பெயரைப் போட்டார். கடைசித் தம்பி சாதிப் பட்டத்தைப் போட்டார். இன்று அந்த மூவரின் பேரப்பிள்ளைகளும் மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு திரிகிறார்கள். ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தாலும், தாங்கள் ஒரு தாத்தாவின் வழி வந்தவர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்னர் கணவரின் இனிஷியல். இரண்டாவது தலைமுறையிலேயே பிறந்த வீட்டின் சுவடு அழிந்துவிடுகிறது. வம்சாவளி வரைகிறவர்களும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா என்று ஆண்களை மட்டும் ஏணிப்படி போல எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஏணியில் ஏறினால் ஏற்கனவே தெரிந்த பங்காளிகளைத்தான் பார்க்கலாம். எதிர்பாராத உறவுகள் இருப்பது பக்கவாட்டில்: கட்டிக்கொடுத்த பெண்களின் வழியில், இளையதாரத்துப் பிள்ளைகளின் வழியில், கடல் கடந்து போனவர்களின் வழியில். தேட வேண்டியது அங்கேதான்.

முதலில் பெரியவர்கள்

ஆவணங்கள் காத்திருக்கும், எண்பது வயதுப் பாட்டி காத்திருக்க மாட்டார். எனவே முதல் வேலை, குடும்பத்தில் மூத்தவரிடம் உட்காருவது. கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம்.

"நம் சொந்தக்காரர்கள் யார் யார்?" என்று பொதுவாகக் கேட்டால் பத்துப் பெயர்களோடு நின்றுவிடும். நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். உங்கள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தார்? பாட்டி இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி யார் போட்டார்? பள்ளி விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போவீர்கள்? அக்கரைக்குப் போனவர் யாராவது உண்டா? யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் மறந்துபோன கிளைகள் அகப்படும்.

'சித்தப்பா', 'அத்தை' என்று சொன்னால் உடனே எழுதிவிடாதீர்கள். உடன்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா, இரண்டுவிட்டவரா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தெருவில் இருந்தவரையும் நாம் சித்தப்பா என்று அழைப்பது வழக்கம்.

ஆண்டு நினைவில்லாவிட்டால் பெரிய சம்பவங்களோடு பொருத்திக் கேளுங்கள். சென்னையில் எம்டன் குண்டு போட்டது 1914 செப்டம்பர். பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்து வந்தது 1942. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர். "புயலுக்கு முன்னால் பிறந்தாரா, பின்னால் பிறந்தாரா?" என்றால் பதில் வந்துவிடும்.

வீட்டுப் பெட்டியில் இருப்பவை

அடுத்து பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை இரண்டிலும் மகன், மகள், மருமகன் பெயர்கள் ஊரோடு அச்சாகியிருக்கும். அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் வீடுகளில் தந்தை வழியிலும் தாயின் தந்தை வழியிலும் மும்மூன்று தலைமுறை, அவரவர் மனைவியரோடு, மொத்தம் பன்னிரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை எழுதி வைத்த தாள் பூஜை அறையிலேயே இருக்கலாம்.

ஜாதகத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். பார்த்திப ஆண்டு என்றால் அது 1885-ல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1945-ல் தொடங்கியதாகவும் இருக்கலாம். பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலானது மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்பட்ட அந்த நோட்டு, அன்றைக்கு அந்தக் குடும்பத்தை உறவென்று மதித்தவர்களின் முழுப் பட்டியல். அதில் இன்று யாருக்கும் அடையாளம் தெரியாத பெயர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு துப்பு.

பத்திரங்கள் சொல்லும் கதை

பழைய நிலப் பத்திரங்களில் இனிஷியல் மட்டும் போட மாட்டார்கள். இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று விரிவாக இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சகோதரர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். பெண்களைத் தேட விடுதலைப் பத்திரத்தைப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொத்தில் மகளுக்கும் பங்கு வந்தது. அந்தப் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட சகோதரிகள் ஏராளம். அந்தப் பத்திரத்தில் அவர்கள் ஒவ்வொருவரும் கணவர் பெயரோடும் புகுந்த ஊரோடும் பதிவாகியிருப்பார்கள். சொத்தை இழந்த இடத்தில் அவர்கள் பெயராவது நிற்கிறது.

பத்திரம் கையில் இல்லாவிட்டாலும் சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்று எடுக்கலாம். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் பிற்காலப் பதிவுகளைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

கோயில், சர்ச், பள்ளிவாசல்

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரிப் பட்டியலைக் கேளுங்கள். பங்காளிகள் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். நன்கொடையாளர் கல்வெட்டையும் படியுங்கள்; கட்டிக்கொடுத்த பெண்களின் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். நகரத்தார் சமூகத்தில் ஒன்பது கோயில்களை ஒட்டித் திருமணங்கள் பதிவாகின்றன. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சர்ச்சின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் இருக்கின்றன.

வடக்கே வாழும் நமக்கு இன்னொரு வசதி உண்டு. காசி, கயை யாத்திரை வந்த முன்னோர்களின் பெயர்களைப் பண்டாக்கள் தங்கள் ஏடுகளில் ஊர்வாரியாக எழுதி வைப்பது வழக்கம். உங்கள் கொள்ளுத்தாத்தா கயையில் பிண்டம் போட்டார் என்ற பேச்சு வீட்டில் இருந்தால், ஜில்லா பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லி விசாரித்துப் பாருங்கள்.

கடல் கடந்தவர்கள்

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லும் 1876-78 பஞ்சத்திலும், அதற்கு முன்னும் பின்னும், தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானோர் கூலிகளாகக் கடல் கடந்தார்கள். நேட்டாலுக்குச் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை அங்கே போன இந்தியர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், ஜில்லா ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். மொரீஷியஸ் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. இன்று அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் நம் கிராமங்களுக்குத் தேடி வருகிறார்கள். ஊரில் விவரம் சொல்ல யாரும் இல்லாமல் அவர்கள் திரும்பிப் போவதுதான் துயரம்.

இலங்கைக் கதை வேறு. அங்கே ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அக்கரையில் மறுபடி ரயில். 'போட் மெயில்' என்றால் எங்கள் தலைமுறை ரயில்வேக்காரர்களுக்கு உடனே புரியும். பக்கத்துத் தேசம் என்பதால் நல்லது கெட்டதுக்கு வந்து போனார்கள். பிறகு 1964 அக்டோபரில் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று ஆனது. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள்.

எங்கள் குடும்பத்து மொய் நோட்டு ஒன்றில், 1951-ல் நடந்த கல்யாணத்துக்குக் 'கம்பளை' என்ற ஊரின் பெயரோடு பதினோரு ரூபாய் வரவாகியிருக்கிறது. யாரென்று எவருக்கும் தெரியவில்லை. தொண்ணூறை நெருங்கிய என் சின்னம்மா மட்டும், "அது கம்பளை அத்தை, தாத்தாவின் கடைசித் தங்கை. கங்காணி வீட்டில் வாக்கப்பட்டுப் போனவள்" என்றார். பிறகு ஊர்க் கோயில் கல்வெட்டில் நன்கொடையாளர் வரிசையில் கோத்தகிரி முகவரியோடு ஒரு பெயர் அகப்பட்டது. கோயில் கணக்குப்பிள்ளையின் நோட்டில் தொலைபேசி எண் இருந்தது. பேசினால், கம்பளை அத்தையின் பேரன்! பாட்டி பிறந்த ஊர் என்று தேடி வந்து கும்பாபிஷேகத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருவரிடமும் இல்லாத கொள்ளுப்பாட்டியின் புகைப்படம் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அந்தப் பாட்டியின் பெயரையே தம் மகளுக்கும் வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் எங்கள் பெயர்கள் இருந்தன. எங்கள் வீட்டு வம்சாவளியில் அவர்கள் பெயர் இல்லை.

மரம் அல்ல, வலை

சேர்த்த விவரங்களை எப்படி எழுதுவது? ஆங்கிலேயர் முறையில் மரமாக வரைந்தால் நமக்குச் சிக்கல் வரும். அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டியவரின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் எட்டுப் பேர் அல்ல, ஆறு பேர்தான். அக்காள் மகளைக் கட்டிய வீட்டில் ஒரே மனிதர் ஒரு வழியில் தாத்தாவாகவும் இன்னொரு வழியில் கொள்ளுத்தாத்தாவாகவும் வருவார். போதாததற்குப் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள்.

ரயில் பாதையில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் எண் உண்டு. சிறு மதகைக்கூட எண் இல்லாமல் விடுவதில்லை. அதையே இங்கும் செய்யலாம். தெரிந்த மூத்த தம்பதிக்கு 1 என்று கொடுங்கள். அவர்களின் பிள்ளைகள், ஆண் பெண் பேதமின்றிப் பிறந்த வரிசையில் 1-1, 1-2, 1-3. இரண்டாம் பிள்ளையின் மூத்த மகள் 1-2-1. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் கணவன் எண்ணுக்குப் பக்கத்தில் மனைவியின் எண்ணையும் எழுதினால் போதும். ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே, அதைச் சொன்னவர் யார், அல்லது எந்த ஆவணத்தில் இருந்தது என்று குறியுங்கள். பின்னால் வருகிறவர் சரிபார்க்க அது உதவும்.

கண்டுபிடித்த பிறகு

புது உறவைத் தேடிப் போகும்போது முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்: "சொத்து விஷயமாக வரவில்லை, பெயர்களைத் தெரிந்துகொள்ள வந்தோம்." நெடுநாள் கழித்து வரும் சொந்தக்காரரைப் பார்த்தால் பலருக்கும் எழும் முதல் பயம் பாகம் கேட்க வந்திருப்பாரோ என்பதுதான். கையில் பழைய புகைப்படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுபோனால் பேச்சு சுலபமாகும்.

சில செய்திகள் சங்கடமாகவும் இருக்கும். சென்னை மாகாணத்தில் 1949-ல் இருதார மணத் தடைச் சட்டம் வரும்வரை இரண்டு மனைவியர் இருப்பது சட்டப்படி குற்றமில்லை. இளையதாரத்துப் பிள்ளைகள் என்று ஒதுக்கப்பட்ட கிளை உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். சாதி மாறியோ மதம் மாறியோ மணந்ததால் பெயர் அடிக்கப்பட்டவர்கள் இருக்கலாம். அவர்களையும் எண் கொடுத்து எழுதுங்கள். யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் உயிரோடு இருப்பவர்கள் விரும்பாத செய்தியை ஊரெல்லாம் பரப்பாதீர்கள். பிறந்த தேதி, முகவரி போன்றவற்றை வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம்.

வரும் கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிவிடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி சொல்வதை அவர்களே எழுதட்டும். தமிழ் எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று, குடும்பக் கணக்கும் ஆயிற்று. முதல் பக்கத்தில் எழுத வேண்டியது யார் பெயர் என்று கேட்டால், என் யோசனை இது: உங்கள் பாட்டியோடு பிறந்த சகோதரிகளின் பெயர்கள். அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீங்கள் இதுவரை பார்த்திராத ஒரு குடும்பம் இருக்கிறது.