பெருந்திரைத் தொலைக்காட்சி

பெருந்திரைத் தொலைக்காட்சி என்பது வீட்டில் இருந்தபடியே திரைப்படங்களைப் பார்ப்பதற்கு ஏற்ற அளவில் அமைந்த, அகன்ற திரை கொண்ட தொலைக்காட்சிப் பெட்டி ஆகும். இதற்குத் திட்டவட்டமான அளவு வரையறை இல்லை. இந்தியச் சந்தையில் பொதுவாக 43 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான திரைகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. ஒரு திரையில் திரைப்படம் நன்றாகத் தெரிவதும் தெரியாததும் அதன் அங்குல அளவை மட்டும் பொறுத்ததன்று. பார்ப்பவர் அமரும் தொலைவு, மூலப் படத்தின் தரம், படத்தின் உருவ விகிதம், பெட்டியின் அமைப்புகள் ஆகியவையும் அதைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

இந்தியாவில் சோதனை முறையிலான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகத்து 15-இல் தொடங்கப்பட்டது. 1982-இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு அறிமுகமானது. மதுரை, திண்டுக்கல் சமவெளிப் பகுதிகளுக்குக் கொடைக்கானல் மலையில் நிறுவப்பட்ட தூர்தர்சன் அஞ்சல் நிலையத்தின் வழியாக ஒளிபரப்பு எட்டியது.

அக்காலத்தில் தொலைக்காட்சி வைத்திருந்தோர் சிலரே. ஞாயிறு மாலைத் திரைப்படத்தையும் வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" நிகழ்ச்சியையும் காண அண்டை வீட்டார் ஒரே பெட்டியின் முன் கூடுவது வழக்கம். டயனோரா, சாலிடேர் முதலிய சென்னை நிறுவனங்களின் பெட்டிகள் அன்று பரவலாக இருந்தன.

தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைச் செயற்படுத்தியது. 2011-இல் ஆட்சி மாறும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 14 அங்குலத் திரையின் அகலம் சுமார் 28 செ.மீ மட்டுமே. 55 அங்குலத் திரையின் பரப்பளவு அதைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு ஆகும்.

பெரிய திரைகள் மீதான வரி நீண்ட காலம் மிகுதியாக இருந்தது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது தொலைக்காட்சிகளுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2019 சனவரி முதல் 32 அங்குலம் வரையிலானவற்றுக்கு 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட அளவுகளுக்கு 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதலே அந்தச் சலுகை கிடைத்தது.

திரை வகைகள்

* எதிர்மின் கதிர்க்குழாய்: பழைய பெட்டிகளில் இருந்த கண்ணாடிக் குழாய். எடை மிகுந்தது. பெரிய அளவில் செய்வது கடினம்.
* பிளாசுமா: ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் தட்டைத்திரை. பெரும் நிறுவனங்கள் 2014-ஆம் ஆண்டு வாக்கில் இதன் உற்பத்தியை நிறுத்திவிட்டன.
* நீர்மப் படிகத் திரை (எல்சிடி): பின்னால் உள்ள விளக்கொளியைப் படிகங்கள் மறைத்தும் விட்டும் படத்தை உருவாக்குகின்றன. கடைகளில் "எல்இடி டிவி" எனப்படுபவை பெரும்பாலும் இவ்வகையே. பின்விளக்கு மட்டுமே ஒளியுமிழ் இருவாயிகளால் ஆனது. இருட்டுக் காட்சியில் பின்விளக்கின் ஒளி சற்றுக் கசிவதால் கருமை சாம்பல் நிறமாகத் தெரியும்.
* கரிம ஒளியுமிழ் இருவாயித் திரை (ஓஎல்இடி): படப்புள்ளிகள் தாமே ஒளிர்வதால் அணைந்த புள்ளி முழுக் கருமையாக இருக்கும். 55 அங்குல அளவில் 2013-இல் விற்பனைக்கு வந்தது. விலை மிகுதி. அலைவரிசைச் சின்னம் போன்ற அசையாப் படங்கள் நெடுநேரம் நின்றால் திரையில் தடம் பதியும் வாய்ப்பு உண்டு.

இருட்டில் படம் பார்ப்போருக்கு ஓஎல்இடியும், பகலில் வெளிச்சம் மிகுந்த கூடத்தில் பார்ப்போருக்கு ஒளிர்வு மிகுந்த எல்சிடியும் பொருந்தும்.

திரையின் அளவும் பார்க்கும் தொலைவும்

திரையின் அளவு என்பது மூலைக்கு மூலை அளக்கப்படும் மூலைவிட்டத்தின் நீளம் ஆகும். ஆனால் கண் உணர்வது திரை அடைக்கும் கோணத்தையே. பத்து அடி தொலைவில் இருந்து பார்க்கும்போது 14 அங்குலத் திரை பார்வையில் சுமார் 5 பாகை அகலத்தையும், 55 அங்குலத் திரை சுமார் 23 பாகை அகலத்தையும் அடைக்கும். திரைப்படத்துக்கு 30 பாகையாவது வேண்டும் என்பது தொழில்நுட்ப வல்லுநர்களிடையே நிலவும் பொதுவான பரிந்துரை. திரையரங்கின் நடு வரிசையில் அமர்வது போன்ற உணர்வை விரும்புவோர் 40 பாகை வரை செல்லலாம்.

இந்த இரு கோணங்களுக்கும் உரிய தோராயமான தொலைவுகள் வருமாறு:

* 32 அங்குலம்: 30 பாகைக்கு 4.3 அடி, 40 பாகைக்கு 3.2 அடி
* 43 அங்குலம்: 30 பாகைக்கு 5.8 அடி, 40 பாகைக்கு 4.3 அடி
* 55 அங்குலம்: 30 பாகைக்கு 7.5 அடி, 40 பாகைக்கு 5.5 அடி
* 65 அங்குலம்: 30 பாகைக்கு 8.8 அடி, 40 பாகைக்கு 6.5 அடி
* 75 அங்குலம்: 30 பாகைக்கு 10.2 அடி, 40 பாகைக்கு 7.5 அடி

பழைய கதிர்க்குழாய்ப் பெட்டிகளை அருகில் இருந்து பார்க்கக் கூடாது என்பது வீடுகளில் சொல்லப்பட்டு வந்த அறிவுரை. அப்பெட்டிகளில் படக்கோடுகள் தனித்தனியே தெரிந்ததும் படம் மினுக்கியதும் அதற்கு ஏற்ற காரணங்கள். இன்றைய உயர் பிரிதிறன் திரைகளில் அவ்விரண்டும் பெரும்பாலும் இல்லை. ஆகவே அந்தப் பழக்கத்தை அப்படியே பின்பற்றி மிகத் தொலைவில் அமர்ந்தால் பெரிய திரைக்குக் கொடுத்த பணத்தின் பயன் குறையும்.

பிரிதிறன்

இறுவட்டுக் கடைகளில் விற்ற டிவிடி படங்கள் 720 × 576 படப்புள்ளிகள் கொண்டவை. முழு உயர் பிரிதிறன் 1920 × 1080. 4கே எனப்படுவது 3840 × 2160. இயல்பான பார்வை உடையவர் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையுள்ள நுண்மையைப் பிரித்தறிவார். இக்கணக்கின்படி 55 அங்குலத் திரையை 7 அடிக்கு அப்பால் இருந்து பார்ப்பவருக்கு 1080 கோட்டுப் படத்துக்கும் 4கே படத்துக்கும் இடையே நுணுக்க வேறுபாடு ஏறத்தாழப் புலப்படாது.

திரை பெரிதாகும்போது மூலப் படத்தின் குறைகளும் பெரிதாகும். மிகுதியாகச் சுருக்கப்பட்ட கம்பிவடத் தொலைக்காட்சிப் படம் சிறிய பெட்டியில் தெளிவாகத் தோன்றியிருக்கலாம். 55 அங்குலத்தில் அதுவே கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். இது பெட்டியின் பழுதன்று. இணையவழி 4கே படங்களுக்கு நொடிக்குச் சுமார் 15 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு பரிந்துரைக்கப்படுகிறது.

உருவ விகிதம்

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் உருவ விகிதம் எனப்படும். இன்றைய தொலைக்காட்சித் திரைகளின் விகிதம் 16:9, அதாவது 1.78:1 ஆகும். தமிழ்த் திரைப்படங்கள் இந்த விகிதத்தில் அமைந்தவை அல்ல.

"சந்திரலேகா" (1948) முதலிய பழைய படங்கள் ஏறத்தாழச் சதுரத்தை ஒட்டிய 1.37:1 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. தமிழின் முதல் சினிமாசுகோப் படமான "ராஜராஜ சோழன்" 1973-இல் வெளிவந்தது. முதல் 70 மி.மீ தமிழ்ப் படம் "மாவீரன்" (1986). இன்று வெளிவரும் படங்களில் பல 2.39:1 அளவிலான அகலத்திரைப் படங்கள்.

இதனால் இரு வகைக் கரும்பட்டைகள் தோன்றுகின்றன. அகலத்திரைப் படத்தில் மேலும் கீழும் பட்டைகள் வரும். திரைப்பரப்பில் கால் பங்கு வெறுமையாக இருக்கும். 55 அங்குலத் திரையில் இத்தகைய படத்தின் உயரம் 51 செ.மீ தான். இது 43 அங்குலத் திரையின் முழு உயரத்தைவிடச் சற்றுக் குறைவு. பழைய படங்களில் பட்டைகள் இடமும் வலமும் வரும்.

இப்பட்டைகளைக் குறை என எண்ணி, படத்தை இழுத்துத் திரையை நிரப்பும் பழக்கம் பரவலாக உள்ளது. 4:3 விகிதப் படத்தை அவ்வாறு இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். சிவாஜி கணேசனும் சாவித்திரியும் தம் உருவில் தெரியமாட்டார்கள். ஆடுபவரின் கை பக்கவாட்டில் நீளும்போது நீண்டும், மேலே உயரும்போது குறுகியும் தோன்றும். மற்றொரு முறையான பெரிதாக்கலில் உருவம் சிதையாது; ஆனால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். "கர்ணன்" (1964) படம் எண்ணிம முறையில் சீரமைக்கப்பட்டு 2012-இல் அகலத்திரை வடிவில் மீண்டும் திரையிடப்பட்டது. உயரமான படத்தை இப்படி அகலப் படமாக மாற்றும்போது மேலும் கீழும் உள்ள பகுதிகளை இழக்க நேரிடும்.

பழைய படங்களை முதன்முறையாகத் தொலைக்காட்சியிலேயே காணும் தலைமுறைக்கு இது முதன்மையான செய்தி. அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் திரையரங்க நினைவு இல்லை. திரையில் தெரியும் உருவமே உண்மை உருவம் எனக் கொள்வர். தொலையியக்கியில் உருவ விகிதத்தை "இயல்பு" அல்லது "மூலம்" என வைத்தால் இச்சிக்கல் தீரும். ஒளிபரப்பாளரே இழுத்து அனுப்பிய படத்தை, 4:3 என்ற தெரிவின் மூலம் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

பட அமைப்புகள்

கடைகளில் பெட்டிகள் ஒளிர்வும் நிறமும் மிகுந்த நிலையில் காட்டப்படுகின்றன. விளக்கொளி நிறைந்த கடையில் கண்ணைக் கவர்வதற்கே இந்நிலை. வீட்டில் அதே நிலையில் விட்டால் தோல் நிறம் சிவந்தும் வெண்மை நீலம் பாய்ந்தும் இருக்கும். "சினிமா" அல்லது "திரைப்படம்" எனப் பெயரிடப்பட்ட நிலை, படத்தை உருவாக்கியோர் கருதிய நிறத்துக்கு நெருக்கமானது. முதலில் மஞ்சள் படர்ந்தது போல் தோன்றினாலும் சில நாட்களில் கண் பழகிவிடும்.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் கொண்டது. பல பெட்டிகள் இடையிடையே கற்பனைச் சட்டங்களைத் தாமே புனைந்து சேர்த்து அசைவை வழவழப்பாக்குகின்றன. துடுப்பாட்டப் போட்டிக்கு இது உதவலாம். திரைப்படத்தில் இதனால் காட்சிகள் தொலைக்காட்சித் தொடர் போலத் தோற்றம் கொள்கின்றன. இதை நிறுத்திவிடலாம். இத்தகைய மாற்றங்கள் அனைத்தையும் ஒரே தெரிவில் நீக்கும் "பிலிம்மேக்கர் மோட்" என்ற நிலை 2019-இல் அறிவிக்கப்பட்டது.

ஒலி

தட்டைத்திரைகளின் மெல்லிய உடலில் பெரிய ஒலிபெருக்கிக்கு இடமில்லை. அவை பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிப்பதால் உரையாடல் தெளிவு குறைகிறது. திரைக்குக் கீழே வைக்கப்படும் ஒலிப்பட்டை இக்குறையை ஓரளவு போக்கும். பணம் குறைவாக உள்ளோர் ஒரு அளவு சிறிய திரையை வாங்கி, மீதத்தை ஒலிக்குச் செலவிடுவது பயன் தரும்.

வீட்டில் நிறுவுதல்

திரையின் நடுப்பகுதி, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் அல்லது சற்று மேலே இருப்பது நன்று. நாற்காலியில் அமர்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். பாயில் அமர்பவருக்கு அது சுமார் 75 செ.மீ. தமிழகத்தில் பல குடும்பங்கள் தரையில் அமர்ந்தே படம் பார்க்கின்றன. ஆனால் பெட்டியோ அலமாரிக்கு மேலே உயரத்தில் மாட்டப்படுகிறது. மூன்று மணி நேரப் படத்தை அண்ணாந்து பார்ப்பதால் கழுத்து வலி உண்டாகும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் பெட்டியைச் சுவருடன் பிணைப்பது இன்றியமையாதது. தாங்கியில் நிற்கும் பெரிய திரை எளிதில் கவிழக்கூடும்.

திண்டுக்கல் நகரின் பேகம்பூர் போன்ற நெருக்கமான பழைய நகர்ப்பகுதிகளில், தெருவாசலை ஒட்டிய நீண்டு குறுகிய கூடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கூடத்தின் அகலம் 10 அடி எனில், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டிய திரையில் தெரு வெளிச்சம் முழுதும் பட்டு எதிரொளிக்கும். வாசலுக்குப் பக்கவாட்டில் உள்ள சுவரில் மாட்டினால் எதிரொளிப்பு குறையும். எதிர்ச்சுவரில் சாய்ந்து அமர்பவருக்கும் திரைக்கும் இடையே 8 அடி கிடைக்கும். மேற்கண்ட கணக்கின்படி அக்கூடத்துக்கு 55 அங்குலம் போதுமானது. இரவில் முழு இருட்டில் பார்ப்பதைவிடத் திரைக்குப் பின்புறம் மங்கிய விளக்கு ஒன்றை எரியவிடுவது கண்ணுக்கு இதமானது.

மின்சாரமும் பராமரிப்பும்

100 வாட் திறனுள்ள திரை நாளுக்கு நான்கு மணி நேரம் இயங்கினால் இரு மாதங்களில் 24 அலகு மின்சாரம் செலவாகும். தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகு இலவசமாக வழங்கும் திட்டம் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. மேற்கண்ட செலவு அதில் ஏறத்தாழக் கால் பங்கு. ஒளிர்வைக் குறைத்தால் செலவும் குறையும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் நிலைப்படுத்தி தேவைப்படலாம். இடி மின்னலின்போது மின்செருகியையும் கம்பிவடத்தையும் கழற்றிவிட வேண்டும். திரையை உலர்ந்த அல்லது நீரில் சற்றே நனைத்த மென்துணியால் துடைக்கலாம். கண்ணாடி துடைக்கும் நீர்மங்கள் திரையின் மேற்பூச்சைக் கெடுக்கும்.

பழைய கதிர்க்குழாய்ப் பெட்டிகளின் கண்ணாடியில் ஈயம் உள்ளது. அவற்றை உடைத்துக் குப்பையில் சேர்க்கக் கூடாது. இந்தியாவில் மின்னணுக் கழிவுகளுக்கான விதிகள் 2012-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளன. 2022-ஆம் ஆண்டின் புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன.

இவற்றையும் பார்க்கவும்

* தொலைக்காட்சி
* உருவ விகிதம்
* சினிமாசுகோப்
* நீர்மப் படிகத் திரை
* தமிழகத் திரைப்படத்துறை