மாநகராட்சி கைகொடுத்தால் தொழிலாளியும் முதலாளிதான்!

பால் கூட்டுறவுச் சங்கம் நமக்குப் புதிதல்ல. மாடு நம்முடையது, பால் நம்முடையது, சங்கமும் நம்முடையது. இதேபோல, வேலை செய்கிறவர்களே உறுப்பினர்களாகவும் உரிமையாளர்களாகவும் இருக்கும் சங்கங்களும் உண்டு. மகாராஷ்டிர மாநிலம் புனே நகரில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் 'ஸ்வச்' கூட்டுறவுச் சங்கம் அப்படிப்பட்டதுதான். அதில் பெரும்பாலானோர் பெண்கள்.

'நகரத்துக் குப்பைக்கும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்தப் பெண்களில் பலருடைய குடும்பங்கள், 1972-ஆம் ஆண்டு வறட்சிக்குப் பிறகு பிழைப்புத் தேடி கிராமத்தை விட்டு வந்தவை. புனே நகரின் குப்பை பல ஆண்டுகளாக உருளி தேவாச்சி, புர்சுங்கி ஆகிய கிராமங்களின் பக்கம்தான் கொட்டப்பட்டது. நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று அந்த ஊர் மக்கள் பலமுறை போராடினார்கள். நகரம் குப்பையைச் சரியாகக் கையாளாவிட்டால், பாதிப்பு கிராமத்துக்குத்தான் வந்து சேரும்.

மாநகராட்சி என்ன செய்தது?

குப்பை பொறுக்குவோர் 1993-இல் தொழிற்சங்கமாகச் சேர்ந்தார்கள். அதுவரை தெருவில் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களே அதிகம். சில ஆண்டுகளில், சங்கம் கொடுத்த அடையாள அட்டையை மாநகராட்சி அங்கீகரித்தது. பின்னர் அவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தையும் கட்டியது. 2007-இல் 'ஸ்வச்' கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது. 2008-இல் மாநகராட்சி அதனுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது.

அந்த ஏற்பாட்டின் முக்கிய அம்சங்கள் இவை:

1. வீட்டு வாசலில் குப்பை சேகரிக்கும் வேலை சங்கத்துக்கு எழுத்துபூர்வமாக ஒப்படைக்கப்பட்டது.

2. தள்ளுவண்டி, கையுறை போன்ற சாதனங்களுக்கும், குப்பை பிரிக்க இடத்துக்கும், சங்கத்தின் நிர்வாகச் செலவுக்கும் மாநகராட்சி உதவியது.

3. வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணத்தைத் தொழிலாளியிடமே நேரடியாகக் கொடுக்கிறார்கள். பிரித்தெடுத்த காகிதம், பிளாஸ்டிக், தகரம் ஆகியவற்றை விற்கும் காசும் அவர்களுக்கே.

இடையில் ஒப்பந்ததாரர் இல்லை. எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறார்களோ, அவ்வளவு வருமானம். இன்று 3,000-க்கும் மேற்பட்டோர் இப்படி வேலை செய்கிறார்கள். மாநகராட்சிக்கும் லாபம்தான். பிரித்த பொருள் பழைய பொருள் கடைக்குப் போய்விடுவதால், லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்ட வேண்டிய குப்பை குறைகிறது.

எங்கே இடறுகிறது?

ஒப்பந்தம் முடியும் நேரத்தில்தான். 2020-ஆம் ஆண்டு இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது, வேலையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. சில மாத நீட்டிப்புகளிலேயே காலம் ஓடியது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், கடன் வாங்கிப் புது வண்டி வாங்குவாரா? பிள்ளையைத் துணிந்து கல்லூரியில் சேர்ப்பாரா? ஓராண்டுக் குத்தகை நிலத்தில் யாரும் தென்னங்கன்று வைப்பதில்லை, அதே கதைதான் இது.

ஆகவே, உள்ளாட்சி அமைப்பு ஒரு தொழிலாளர் சங்கத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி மானியம் அல்ல. நீண்டகால வேலை ஒப்பந்தமும், தொழில் செய்ய இடமும்தான். மானியம் ஒருமுறை வந்து தீர்ந்துபோகும். ஒப்பந்தம் இருந்தால் சங்கம் தன் காலில் நிற்கும்.

நமக்கு என்ன பாடம்?

உங்கள் ஊர் மகளிர் குழுவோ, விவசாயத் தொழிலாளர் குழுவோ அருகிலுள்ள நகராட்சியில் வேலை கேட்டுப் போகலாம். பூங்கா பராமரிப்பு, மரக்கன்று வளர்ப்பு, உரம் தயாரிப்பு என்று வேலைகள் பல உண்டு. அப்போது முதலில் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம், பணம் எந்தத் தேதிக்குள் வரும், இடம் எது. வாய்வார்த்தையை நம்பி இறங்க வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். குழுவின் வரவு செலவுக் கணக்கை எல்லா உறுப்பினர்களும் பார்க்கும்படி வையுங்கள்.

நகரக் குப்பையில் தயாரான உரம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குப்பை வீட்டிலேயே பிரிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கலந்த குப்பையில் வந்த உரத்தில் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் இருக்கும். கன உலோகங்களும் சேரலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நகரக் குப்பை உரத்தில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேலும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது. ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கையில் அள்ளிப் பாருங்கள்: மண் வாசனை வர வேண்டும், சூடு இருக்கக் கூடாது. துர்நாற்றம் அடித்தால் உரம் இன்னும் மக்கவில்லை என்று பொருள். அதை வயலில் போடாதீர்கள்.