கிதாருக்கு எந்தத் தந்தி?

தில்லி தரியாகஞ்சில், நேதாஜி சுபாஷ் மார்க்கில் உள்ள இசைக்கருவிக் கடைகளுக்குத் தந்தி வாங்கப் போகுமுன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால் பணமும் கிதாரும் தப்பும்.

ஸ்டீலா, நைலானா?

இதற்கு விடை உங்கள் கிதாரிலேயே இருக்கிறது. அகலமான கழுத்து, தலைப்பகுதியில் இரண்டு நீண்ட துளைகள், பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்டிய தந்திகள் என்றால் அது கிளாசிக்கல் கிதார். அதற்கு நைலான் மட்டுமே. தந்தியின் நுனியில் சிறு உலோக உருண்டை, அதை இறுக்கிப் பிடிக்க பிரிட்ஜில் ஆறு பின்கள் என்றால் ஸ்டீல். மாற்றிப் போடவே கூடாது. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையுடன் இழுக்கும். ஸ்டீல் லைட் செட்டோ 70 கிலோவைத் தாண்டும். நைலானுக்காகச் செய்த மெல்லிய மேற்பலகை அதைத் தாங்காமல் உப்பிவிடும். பிரிட்ஜே பெயர்ந்து வரலாம்.

எந்த கேஜ்?

கேஜ் என்பது தந்தியின் கனம். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்துச் சொல்வார்கள். ஸ்டீல் செட்டில் முதல் தந்தியின் கனத்தை வைத்து 10 எக்ஸ்ட்ரா லைட், 11 கஸ்டம் லைட், 12 லைட், 13 மீடியம். ஒரே சுருதியில் 10 தந்தியின் இழுவிசை சுமார் 7.3 கிலோ, 12 தந்திக்கு 10.6 கிலோ. இரண்டே எண் கூடினாலும் விரல் அழுத்த வேண்டிய பலம் நன்றாகவே கூடுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 10 அல்லது 11 போதும். பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் கிதாருக்கு 12 நிறைவான நாதம் தரும். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே 13.

எந்த உலோகம்?

ஸ்டீல் செட்டில் ஆறில் நான்கு தந்திகளின் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். 80/20 என்றால் அந்தக் கம்பியில் 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் துத்தநாகம். புதிதில் கணீரென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸில் செம்போடு சுமார் 8 சதவீதம் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் உண்டு. ஒலி சற்றுக் கனிவாக இருக்கும், கூடுதல் நாள் நிலைக்கும். கோட்டட் தந்தி விலை அதிகம். ஆனால் மேற்பூச்சு வியர்வையை உள்ளே விடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை புழுங்கும் தில்லியில், விரல் அதிகம் வியர்ப்பவர்களுக்கு அந்த விலை வீணாகாது.

தந்தியைக் குறை சொல்லுமுன் பருவத்தையும் பாருங்கள். மே மாத லூ காற்றில் மரம் வறண்டு சுருங்கும். தந்தி தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசி இரையும். மழைக்காலத்தில் பலகை ஈரம் ஏறி உப்ப, தந்தி உயர்ந்து அழுத்தக் கடினமாகும். கேஜை மாற்றினாலும் கழுத்தின் வளைவு மாறும் என்பதால், அதைச் சரிசெய்யும் டிரஸ் ராடையும் கடைக்காரரிடம் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

தந்தி கறுத்தாலும், அடிப்பக்கம் ஃப்ரெட் பட்டுத் தேய்ந்தாலும், சுருதி நிற்காவிட்டாலும் ஆறையும் சேர்த்தே மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் ஆயுள் கூடும்.

ஸ்டீல் கிதாரில் எதில் தொடங்குவது என்று தயங்கினால் 11 அல்லது 12 பாஸ்பர் பிரான்ஸ் வாங்குங்கள். தந்தி வந்த உறையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை கேஜ், உலோகம் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எந்த மாற்றம் உங்கள் விரலுக்கும் காதுக்கும் ஒத்துவந்தது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.