எல்லையில் நின்ற சீர்திருத்தம்

அயலவரோடு வாணிகம் செய்வோர்க்கு முதற்கண் வேண்டப்படுவது பொது அளவையாகும். ஒருவர் கொத்தாலும் மற்றவர் மரக்காலாலும் அளந்து, இரண்டிற்குமுள்ள தொடர்பை எவரும் அறியாராயின், அவரிடையே நட்பு இருக்கலாம், சந்தை இராது. இரண்டாம் உலகப் போரின் பின் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த சமதர்ம அரசுகளின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது.

1949ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் சோவியத்து ஒன்றியம், போலந்து, செக்கோசிலோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா ஆகிய ஆறு நாடுகள் பரஸ்பரப் பொருளாதார உதவிச் சபையை நிறுவின. கொமெக்கொன் எனப் பெயர் பெற்ற இச்சபையிற் கிழக்கு ஜெர்மனி 1950இற் சேர்ந்தது. சபையின் முயற்சிகள் பயனற்றவையல்ல. சோவியத்து எண்ணெயை மேற்கே கொண்டு சென்ற ‘நட்புறவு’க் குழாய்வழி போலந்து, கிழக்கு ஜெர்மனி, செக்கோசிலோவாக்கியா, ஹங்கேரி ஆகியவற்றின் ஆலைகளை இயக்கியது.

எனினும் விலை என்னும் அடிப்படையிலேயே இடர்ப்பாடு இருந்தது. உள்நாட்டில் விலைகளை அரசே விதித்தது. அவ்விலைகள் பண்டத்தின் அருமையையோ உற்பத்திச் செலவையோ உள்ளவாறு காட்டவில்லை. ஆதலின், தம்முள் வாணிகம் செய்யும்போது இந்நாடுகள் உலகச் சந்தையின் முன்னைய ஆண்டுகளின் சராசரி விலைகளையே அடிப்படையாகக் கொண்டன. சந்தையை மறுத்தோர் சந்தையின் விலையைக் கடன் வாங்கியது விந்தையன்றோ!

1964இல் ‘மாற்றத்தகு ரூபிள்’ என்னும் கணக்கு நாணயம் வழக்கிற்கு வந்தது. ஹங்கேரி போலந்துக்குப் பேருந்துகளை விற்று இந்த ரூபிளை ஈட்டியது எனக் கொள்க. அதனைக் கொண்டு கிழக்கு ஜெர்மனியில் விரும்பிய இயந்திரத்தை வாங்க முடியுமா? முடியாது. அவ்வியந்திரம் முன்னரே இருநாட்டு ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். எனவே, ஒவ்வொரு நாடும் மற்றொவ்வொரு நாட்டுடனும் தனித்தனியே கணக்கைச் சமன் செய்ய முயன்றது. பெயரளவில் மாற்றத்தக்கதாயிருந்த நாணயம் செயலளவில் அசையாது நின்றது.

இவ்விடரைத் தீர்க்க இரு வழிகள் முன்வைக்கப்பட்டன. அனைத்து நாடுகளுக்கும் பொதுவான திட்டக் குழுவொன்றை அமைத்தல் ஒன்று. 1962இற் குருச்சேவ் இதனை வலியுறுத்தினார். தன் கைத்தொழில் வளர்ச்சியைப் பிறர் தீர்மானிப்பதை விரும்பாத ருமேனியா, 1964 ஏப்பிரலில் வெளியிட்ட பிரகடனத்தில் அதனை மறுத்தது. மற்றையது சந்தைக்கு இடமளித்தல். 1968 சனவரி முதலாந் தேதி ஹங்கேரி தன் தொழிலகங்கள் மீதிருந்த கட்டாயத் திட்ட இலக்குகளை நீக்கியது. செக்கோசிலோவாக்கியாவில் ஓட்டா சிக் வகுத்த சீர்திருத்தமோ, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதப் படையெடுப்பின் பின் கைவிடப்பட்டது.

தனித்து நின்ற ஹங்கேரியின் சீர்திருத்தம் நாட்டின் எல்லையோடு தடைப்பட்டது. அயல்நாடுகள் திட்டத்தின்படியே கொண்டு கொடுத்தமையால், அவற்றுக்கான ஏற்றுமதியில் ஹங்கேரிய ஆலைகளும் அரசின் ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டன. உறுதியான கொள்வோர் இருந்தமையின், தரத்தை உயர்த்தும் தூண்டுதலும் குன்றியது. இதன் விளைவைப் பின்னாளில் தொழிலாளரே சுமந்தனர். 1991இல் இவ்வாணிகம் உலகச் செலாவணிக்கு மாறியபோது பல ஆலைகள் கொள்வோரை இழந்தன, பலர் வேலையிழந்தனர். அவ்வாண்டு சூன் 28ஆந் தேதி சபையும் கலைக்கப்பட்டது.

குழாய்களும் இருப்புப் பாதைகளும் நாடுகளை இணைக்கலாம். பண்டத்தின் மதிப்பை உண்மையாகச் சொல்லும் விலையும், எல்லை கடந்து செல்லும் நாணயமும் இல்லாவிடத்து, அவ்விணைப்பு நிலைபெறுவதில்லை.