துளையை 1 அங்குலம் இறக்கினால் காரே மாறிவிடும்! தெரியுமா?

ஷெல்பி கோப்ரா! 1962 முதல் 1967 வரை மொத்தமே ஏறக்குறைய 1,000 கார்கள்தான் தயாராயின. அவற்றில் முதல் கார் 2016-இல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர்! அன்றைய மதிப்பில் 90 கோடி ரூபாய்க்கு மேல்!

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அதனால்தான் நகல் கோப்ராக்கள் பிறந்தன! மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995-இல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் என்ற ஒரே நிறுவனம் 10,000-க்கும் மேற்பட்ட கார் கிட்களை விற்றிருக்கிறது. பாகங்கள் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து இறங்கும். ஷெட்டிலேயே கார் உருவாகும்! அசலைவிட நகல் பல மடங்கு அதிகம்!

ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் இந்த நகல்காரர்கள் அசலை அப்படியே பின்பற்ற மாட்டார்கள். எங்கே தெரியுமா? முன்சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பில், அதாவது முன் சஸ்பென்ஷனில்! அங்கே திருத்துவார்கள், வலுவாக்குவார்கள், புதிதாக வடிவமைப்பார்கள். ஏன்?

முதல் கோப்ராக்களின் முன்பக்கம் எப்படி இருந்தது தெரியுமா? லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பட்டை ஸ்பிரிங்! அதைக் குறுக்காக வைத்து, சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கையாகவும் அதையே பயன்படுத்தினார்கள். ஒரே பாகம், இரண்டு வேலை! 1953-இல் பிரிட்டனின் ஏசி நிறுவனம், பின்னாளில் கோப்ராவுக்கு அடித்தளமான தன் 'ஏஸ்' காருக்காகச் செய்த அமைப்பு அது. அந்தக் காரின் சட்டகத்தை வடிவமைத்தவர் ஜான் டொஜேரோ.

இதே பாணியை அவருக்கு முன்பே கையாண்டவர்கள் கூப்பர் என்ற பந்தயக் கார்க்காரர்கள். 1946-இல் அவர்கள் தங்கள் முதல் 500 சி.சி. காரை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? இரண்டு ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பகுதிகளை எடுத்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்து ஒட்டவைத்தார்கள்! அந்த டோபோலினோவின் இன்ஜின் சக்தி எவ்வளவு? வெறும் 13 குதிரைத்திறன்! 13 குதிரைத்திறன் காரில் தொடங்கிய பாணி, வி8 இன்ஜின் வைத்த கோப்ரா வரை வந்து சேர்ந்திருக்கிறது!

7 லிட்டர் இன்ஜினை ஏற்றியபோது அந்தப் பாணி தாக்குப்பிடிக்கவில்லை. 1965-இல் பட்டை போய், சுருள் ஸ்பிரிங் வந்தது. ஃபோர்டு பொறியாளர்கள் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் உதவியோடு புதிய அமைப்பை வரைந்தார்கள். சட்டகத்தின் முக்கியக் குழாய்களும் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலம் ஆயின. 1 அங்குலம்தானே என்கிறீர்களா? சுவரின் கனம் அதேதான் என்று வைத்துக்கொண்டால், முறுக்கத்துக்கு எதிரான குழாயின் விறைப்பு இரண்டு மடங்கையும் தாண்டிவிடும்!

இந்த அமைப்புக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு எவ்வளவு தெரியுமா? 250 கிலோ சுமை, சுமார் 30 பி.எஸ்.ஐ. காற்று என்றால் ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கை அளவு! 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் காரை அந்த நான்கு உள்ளங்கைகள்தான் பிடித்துவைத்திருக்கின்றன! அந்தப் பரப்பு சாலையில் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். முன் சஸ்பென்ஷனின் தலையாய வேலை இதுதான்!

இப்போது தலைப்பில் சொன்ன அதிசயம்! ஃபோர்டு மஸ்டாங்கைப் பந்தயத்துக்குத் தயார் செய்து, 1965-இல் ஜிடி350 என்று வெளியிட்டார் கோப்ராவை உருவாக்கிய கரோல் ஷெல்பி. அதில் செய்த முன்சக்கர மாற்றங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? மேல் கையைப் பிடிக்கும் துளைகளை 1 அங்குலம் கீழே தள்ளித் துளைத்தார்கள். அவ்வளவுதான்! ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்கின் யோசனை அது. வளைவுகளில் காரின் பிடிப்பே மாறிப்போனது! செலவைக் குறைக்க 1966 மாடலில் இதைக் கைவிட்டார்கள். ரசிகர்கள் விட்டார்களா? 60 ஆண்டுகள் கழித்தும் பழைய மஸ்டாங்குகளில் ட்ரில் வைத்து அதே துளையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

இதற்குள் இருக்கும் கணக்கைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம்! மேல் கையையும் கீழ்க் கையையும் கற்பனையில் கோடாக நீட்டினால், காரின் மறுபுறம் எங்கோ ஒரு புள்ளியில் சந்திக்கும். சக்கரம் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் ஆடுகிறது. 23 சென்டிமீட்டர் நீளமுள்ள மேல் கை ஒன்று. புள்ளி 2 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கையின் உள்முனையை வெறும் 12 மில்லிமீட்டர் இறக்குங்கள். புள்ளி எவ்வளவு நகரும் தெரியுமா? அரை மீட்டருக்கும் மேல்! சக்கரம் 25 மில்லிமீட்டர் மேலே ஏறும்போது அதன் சாய்வு முன்பு 0.7 டிகிரி மாறியது; இப்போது ஏறக்குறைய 1 டிகிரி! 12 மில்லிமீட்டர் செய்த வேலை இது! எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இன்று மென்பொருளில் நொடியில் தெரிந்துவிடும். முன்பு அட்டையை வெட்டி, குண்டூசியால் குத்தி, ஆட்டிப் பார்த்தே பந்தயக் கார்களை வடிவமைத்தார்கள்!

வளைவில் டயரில் 450 கிலோ பக்கவாட்டு விசை விழுந்தால், கீழ்க் கையின் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டில் எவ்வளவு விழும்? 450-தானே? இல்லை! மூட்டுகள் தரையிலிருந்து 15 சென்டிமீட்டரிலும் 40 சென்டிமீட்டரிலும் இருந்தால், கீழ் மூட்டுக்கு 720 கிலோ! மேல் மூட்டு 270 கிலோவை எதிர்த்திசையில் இழுக்கிறது! கீழ்க் கை ஏன் பொதுவாகத் தடிமனாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் 20 மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். அதை 24 ஆக்கினால் விறைப்பு எவ்வளவு கூடும்? ஐந்தில் ஒரு பங்கா? இல்லவே இல்லை! இரண்டு மடங்கு! தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது கணக்கு!

ஸ்பிரிங்கைக் கையின் நுனியில் வைக்காமல் பாதி தூரத்தில் வைத்தால்? சக்கரம் உணரும் வலு பாதியாகாது. கால்வாசியாகிவிடும்!

விலை உயர்ந்த குரோமோலி எஃகில் கை செய்தால் சாதாரண எஃகைவிடக் குறைவாகத்தான் வளையும் என்று நினைக்கிறீர்களா? அதே சுமைக்கு இரண்டும் ஒரே அளவுதான் வளையும்! குரோமோலி அதிகச் சுமையைத் தாங்கும், சீக்கிரம் நிரந்தரமாகக் கோணாது. ஆனால் விறைப்பு ஒன்றேதான்! அலுமினியம்? எடை மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு! இதைத் தெரியாமல் உலோகத்தை மாற்றி மட்டும் காசைக் கொட்டுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், உலோகத்தைத் தொடுவதற்கு முன் வடிவத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ரப்பர் புஷ்ஷைக் கழற்றிவிட்டு, நகல் கார்க்காரர்கள் ஆசையோடு மாட்டும் எஃகு உருண்டை மூட்டு ராட் எண்ட். பிரிட்டனில் அதைச் செய்து பெயர் வாங்கிய ரோஸ் பிரதர்ஸ் நிறுவனம் வேறு எதற்குப் புகழ்பெற்றது தெரியுமா? சாக்லேட்டுக்குக் காகிதம் சுற்றும் இயந்திரங்களுக்கு! ஆனால் ஓர் எச்சரிக்கை. அதன் மரை போட்ட தண்டு இழுவையையும் அழுத்தத்தையும் தாங்கும், வளைவதைத் தாங்காது. வளையும் இடத்தில் மாட்டினால் ஒருநாள் முறியும்! பந்தயப் பொறியாளர்கள் இதை மன்னிக்கவே மாட்டார்கள்.

அமெரிக்க நகல் கோப்ராக்களிலும் பழைய கார்களிலும் இன்றும் அதிகம் மாட்டப்படும் முன் சஸ்பென்ஷன் அமைப்புகளில் ஒன்று, எந்தக் காரிலிருந்து வந்தது தெரியுமா? 1974 முதல் 1978 வரை வந்த சின்னஞ்சிறு மஸ்டாங் II! பந்தயக் கார் அல்ல, பெட்ரோலை மிச்சப்படுத்த வந்த கார்! 11 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் கார்கள் சாலையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயின. ஆனால் அவற்றின் சஸ்பென்ஷனை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்!

திருப்பும்போது உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். இதைக் கண்டுபிடித்தது கார் கம்பெனியா? இல்லை! மியூனிக் நகரத்துக் குதிரை வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர்! லண்டனில் 1818-இல் காப்புரிமை வாங்கியவர் அவருடைய முகவர் ஆக்கர்மன். அவர்களுக்கும் பல ஆண்டுகள் முன்பே இதே யோசனையைச் சொன்னவர் யார் தெரியுமா? பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் தாத்தா, எராஸ்மஸ் டார்வின்!

சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்கை 6 மில்லிமீட்டர் உயரம் தவறிப் பொருத்தினால் என்ன ஆகும்? சக்கரம் மேட்டில் 50 மில்லிமீட்டர் ஏறும்போது, ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே ஏறக்குறைய 0.4 டிகிரி தானாகத் திரும்பிவிடும்! மருந்து என்ன? சில ரூபாய் வாஷர்கள்!

கடைசியாக, உங்கள் வீட்டுக் காருக்கும் பொருந்தும் ஒன்று. ஒரு முன்சக்கரத்தின் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட வெறும் 1 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வையுங்கள். ரிம் விட்டம் 400 மில்லிமீட்டர். கார் 1 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் பக்கவாட்டில் எவ்வளவு தேய்ந்து இழுபடும் தெரியுமா? இரண்டரை மீட்டர்! 10,000 கிலோமீட்டருக்கு? 25 கிலோமீட்டர்! அடுத்த முறை வீல் அலைன்மென்ட் செய்யும்போது காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அச்சடித்த தாளைக் கேட்டு வாங்கி, இந்த விலகலைக் காட்டும் 'டோ' என்ற வரியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்!