கொலுப் பூங்காவும் கடைச் சரக்கும்

நவராத்திரி நெருங்கினால் கொலுவுக்குப் பூங்கா அமைக்கப் பொருள் கேட்டு வருவார்கள். ஆயத்த பிளாஸ்டிக் மரங்கள் வீண் செலவு என்பது என் எண்ணம். கூமாப்பட்டிப் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை. கட்டுக்கம்பியைக் கிளைகளாக முறுக்கி, தேங்காய் நாரைப் பசையிட்டு ஒட்டி, பச்சைச் சாயமேற்றிக் காயவைத்த மரத்தூளைத் தூவினால் மரம் தயார். புல்வெளிக்கு ஈரமணலில் கடுகு, வெந்தயம், கேழ்வரகை நெருக்கமாகத் தூவித் தண்ணீர் தெளித்துவந்தால் நான்கைந்து நாளில் முளைத்து நிற்கும். இதற்குப் பழைய கடுகைக் கொடுக்காதீர்கள். முளைக்காவிட்டால் கடைக்குத்தான் கெட்ட பெயர்.

வணிக அன்பர்களே, சாயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மாலகைட் பச்சை என்னும் சாயத்தை உணவில் சேர்ப்பது சட்டப்படி குற்றம். சாயப்பொடியைப் பட்டாணி, சோம்பு மூட்டைகளின் அருகே வைக்காதீர்கள். அதே தராசில் நிறுக்கவும் வேண்டாம். ஆய்வுக்கு எடுத்த மாதிரியில் சிட்டிகை கலந்திருந்தாலும் வழக்கு நம்மீதுதான். சாயமேற்றிய மரத்தூளைத் தனி உறையில், 'உண்ணத் தகாதது' என்று எழுதியே விற்க வேண்டும்.