லைட் எரியலையா? கீபோர்டைத் திட்டாதீங்க மக்கா!

கேப்ஸ் லாக் தட்டுறீங்க. எழுத்து பெருசாத்தான் விழுது. ஆனா கீபோர்டு மூலையில இருக்கிற அந்தக் குட்டி லைட் மட்டும் எரிய மாட்டேங்குது. உடனே என்ன முடிவுக்கு வருவீங்க? ஒண்ணு, 'கீபோர்டு போச்சு'. இல்லேன்னா, 'லினக்ஸ் போட்டதுல இருந்தே இப்படித்தான்!'

கொஞ்சம் பொறுங்க. நீங்க சிதறால்காரர்னா புது கீபோர்டுக்கு 7 கிலோமீட்டர் பஸ் ஏறி மார்த்தாண்டம் போகணும். அத்தனை தூரம் போய் வாங்கிட்டு வந்து மாட்டின பிறகும் லைட் எரியலேன்னா? அப்படி ஆக நிறைய வாய்ப்பு இருக்கு!

'லைட்தானே, எரியாட்டி என்ன?'ன்னும் விட முடியாது. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஸ்கிரீன்ல வெறும் புள்ளிதான் தெரியும். கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கிறது தெரியாம திரும்பத் திரும்ப அடிச்சு, நாளைக்கு புராஜெக்ட் ரிவியூன்னு இருக்கிற ராத்திரியில வெளியே நிக்கிற நிலைமை யாருக்கு வேணும்?

நம்ம ஊர்ப் பக்கம் லினக்ஸ் ஒண்ணும் புதுசு இல்லை. 2011-ல் தொடங்கின தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்துல, விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. களியக்காவிளை தாண்டினா, கேரளாவோட 'கைட்' அமைப்பு பள்ளிக்கூடங்களுக்குன்னே தனி லினக்ஸ் வெளியிடுது. அதனால இந்த லைட் சமாச்சாரம் தெரிஞ்சா பக்கத்து வீட்டுக்கும் உதவும்.

ஸ்விட்ச் யார் கையில?

1981-ல் வந்த ஐபிஎம் பிசி கீபோர்டுல இந்த லைட்டே கிடையாது. கேப்ஸ் லாக் ஆனா, ஆஃபான்னு அடிச்சுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். 1984-ல் வந்த பிசி ஏடி மாடல்லதான் லைட் வந்துச்சு.

இப்போ முக்கியமான மேட்டர். அந்த லைட்டைப் போடுறது கீபோர்டு இல்லை, கம்ப்யூட்டர்! நீங்க கீயைத் தட்டினதும் கீபோர்டு 'இந்தக் கீயை அமுக்கினாங்க'ன்னு மட்டும்தான் சொல்லும். லினக்ஸ் கெர்னல் அதை வாங்கி டெஸ்க்டாப்புக்குக் கொடுக்கும். டெஸ்க்டாப் முடிவு பண்ணி, 'சரி, லைட்டைப் போடு'ன்னு திருப்பி உத்தரவு அனுப்பும். போறதுக்கு ஒரு பாதை, வர்றதுக்கு ஒரு பாதை. எழுத்து சரியா விழுந்து லைட் மட்டும் எரியலேன்னா, திரும்பி வர்ற பாதையிலதான் எங்கேயோ அடைப்பு.

கண்டுபிடிக்க ரெண்டு டெஸ்ட்

முதல் டெஸ்ட்: வேலையை சேவ் பண்ணிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அமுக்குங்க. கறுப்புத் திரை வரும். அங்கே நம் லாக், கேப்ஸ் லாக் தட்டிப் பாருங்க. லைட் எரியுதா? அப்போ கீபோர்டும் கெர்னலும் ஓகே, கோளாறு டெஸ்க்டாப் செட்டிங்ல. திரும்பி வர எஃப்3-க்குப் பதிலா எஃப்1 அல்லது எஃப்2.

ரெண்டாவது டெஸ்ட்: லினக்ஸ்ல எல்லாமே ஃபைல்னு லேப்ல சொல்லிக் கொடுத்திருப்பாங்களே, உங்க லைட்டும் ஃபைல்தான்! 'சிஸ்' ஃபோல்டருக்குள்ள 'கிளாஸ்', அதுக்குள்ள 'லெட்ஸ்'. அங்கே கேப்ஸ்லாக், நம்லாக், ஸ்க்ரோல்லாக்னு முடியுற பெயர்கள் இருக்கும். ரூட் அனுமதியோட, அதுக்குள்ள இருக்கிற 'பிரைட்னஸ்' ஃபைல்ல 1-னு எழுதினா லைட் எரியணும், 0-ன்னா அணையணும். இதுக்கும் மசியலேன்னா கீபோர்டை வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாருங்க. அங்கேயும் இருட்டுன்னா, சரி, மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடிங்க!

வழக்கமான குற்றவாளிகள்

* கேப்ஸ் லாக் கீயை மொழி மாத்தவோ, எஸ்கேப் கீயாவோ மாத்தி வெச்சிருப்பீங்க. அப்போ அது கேப்ஸ் லாக் வேலையே பார்க்காது. லைட் எப்படி எரியும்?

* ஆன் பண்ணும்போது நம் லாக் லைட் அணைஞ்சே இருக்கா? கேடிஇ-ல கீபோர்டு செட்டிங்லயே 'ஆரம்பத்துல நம் லாக் ஆன்'னு வெக்கலாம்.

* கலர் கலரா மின்னுற சில விலை கம்மி கீபோர்டுகள்ல பேக்லைட் மொத்தமும் ஸ்க்ரோல் லாக்கோட சேர்ந்திருக்கும். நிறைய லினக்ஸ்ல அந்தக் கீ சும்மா கிடக்கும், தட்டினாலும் அசையாது. எக்ஸ் டெஸ்க்டாப்னா டெர்மினல்ல 'எக்ஸ்செட் லெட் 3'ன்னு ஆங்கிலத்துல அடிங்க, ஜோரா எரியும். 'வேலாண்ட்'ல இது நடக்காது. அங்கே மேலே சொன்ன ஃபைல் வழிதான்.

* கேப்ஸ் லாக்கும் ஸ்க்ரோல் லாக்கும் நீங்க தொடாமலே விட்டு விட்டு மின்னுதா? ஸ்கிரீனும் உறைஞ்சு போச்சா? அது 'கெர்னல் பேனிக்'. லைட் கெட்டுப்போகலை, சிஸ்டம் படுத்துட்டேன்னு சொல்லுது. ரீஸ்டார்ட்தான் வழி. அடிக்கடி வந்தா ரேம், டிரைவர் ரெண்டையும் செக் பண்ணுங்க.

தமிழுக்கு ஒரு லைட்

சிதறால் மலைக்கோயில் ஏறினவங்க பாறையில செதுக்கின தீர்த்தங்கரர்களைப் பார்த்திருப்பீங்க. அங்கே 9-ம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்ரமாதித்ய வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கு. தமிழ்தான், ஆனா இன்னிக்கு நாம எழுதுற எழுத்து இல்லை. இப்போ நமக்கு எழுத்து மாத்த ஒரு கீ போதும். சிக்கல் என்னன்னா, இப்போ தமிழா, இங்கிலீஷான்னு அடிச்ச பிறகுதான் தெரியுது!

இதுக்குத்தான் சும்மா கிடக்கிற ஸ்க்ரோல் லாக் லைட். கேடிஇ-ல கீபோர்டு செட்டிங்கோட கூடுதல் ஆப்ஷன்கள்ல, 'மாற்று லேஅவுட்டைக் காட்ட கீபோர்டு லைட்டைப் பயன்படுத்து'ங்கிற பகுதியில ஸ்க்ரோல் லாக்கை டிக் பண்ணுங்க. இனி தமிழுக்கு மாறினா லைட் எரியும், இங்கிலீஷுக்கு வந்தா அணையும். ஒரு கண்டிஷன்: தமிழை டெஸ்க்டாப்போட லேஅவுட்டாவே சேர்த்திருக்கணும். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்தின தமிழ்99 அந்த லிஸ்ட்லயே இருக்கு. 'ஐபஸ்' வழியா தமிழ் அடிக்கிறவங்களுக்கு இந்த லைட் எரியாது. அதுக்காக கீபோர்டைச் சந்தேகப்படாதீங்க!

கடைசியா ஒண்ணு. நிஜமாவே புது கீபோர்டு வாங்கப் போறீங்கன்னா, ஸ்க்ரோல் லாக்குக்கு லைட் இருக்கான்னு கடையிலயே பார்த்துடுங்க. இப்போ வர்ற பல மாடல்கள்ல அதை எடுத்துட்டாங்க.